மூன்று மாதத்துக்கு ஒரு முறை

ஹேமா பட்டுப்புடவையில்தான் வந்து இறங்குவாள் என்று எனக்கு முன்பே தெரியும். பைப்பைச் சுத்தம் செய்வது எப்படி என்று காட்டுகிற வீடியோவுக்கு எதற்குப் பட்டு? ஸ்பிரிட் ஒரு சொட்டுப் பட்டால் போச்சு. அவள் என்றைக்காவது ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்திருந்தால்தானே அதெல்லாம் தெரியும். நான் பழைய காட்டன் புடவையில், மேலே ஏப்ரனை மாட்டிக்கொண்டு, ஷட்டர் தூக்கும் முன்பே போய் நின்றேன்.

விஷயம் இதுதான். செகந்திராபாத்தில் நான் வேலை பார்த்த கடை புகையிலைக் கடை. பீடி, சிகரெட் கிடையாது, பைப் மட்டும். தமிழில் சுங்கான் என்பார்கள். மரக் கிண்ணத்தில் புகையிலையை அடைத்துப் பற்றவைத்து, வாய்க்குழல் வழியாக இழுப்பது. விற்பதோடு, பிடித்துப் பிடித்து நாறிப்போன பைப்புகளைச் சுத்தம் செய்து கொடுப்பதும் அந்தக் கடையின் தொழில். அந்த வேலை என்னுடையது. ரிட்டயர் ஆகும்வரை அதைத்தான் செய்தேன். இப்போது கடையை முதலாளி சேட்டின் பேத்தி ஷிரீன் நடத்துகிறாள். மாதாப்பூர் பக்கம் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன்கள் திடீரென்று பைப் வாங்க ஆரம்பித்திருக்கிறார்களாம். வாங்குகிற எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதானாம்: இதை எத்தனை நாளைக்கு ஒரு முறை சுத்தம் செய்ய வேண்டும்? பதில் சொல்வதற்கு என்னைக் கூப்பிட்டாள். ரொம்ப நல்லது. கூடவே ஹேமாவையும் கூப்பிட்டிருக்கிறேன் என்றாள். அங்கேதான் எனக்கு வயிறு எரிந்தது.

ஹேமா அந்தக் கடையில் இருந்ததே கொஞ்ச காலம். அதுவும் முன் மேஜையில் உட்கார்ந்து பைப்பை வாங்கி உள்ளே கொடுப்பாள், உள்ளேயிருந்து வந்ததை வெளியே கொடுப்பாள். அதற்கு ஒரு பேட்டி.

என் கதையைச் சொல்கிறேன். அப்பா லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். பூர்வீகம் வாலாஜாபேட்டை. ஸ்டேஷன் கடையில் தமிழ் வாரப் பத்திரிகை வாங்கி வந்து, எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். இல்லாவிட்டால் இந்த ஊரில் பிறந்தவளுக்குத் தமிழ் எழுத்து எங்கே தெரியப்போகிறது? பள்ளிக்கூடம் முடித்ததும் ஒரு பல் டாக்டரிடம் பல்செட் தேய்க்கிற வேலைக்குப் போனேன். சுற்றுகிற துணிச் சக்கரத்தில் பல்செட்டைப் பிடித்துப் பளபளப்பாக்க வேண்டும். ஒருநாள் தன் பல்செட்டை வாங்க வந்த சேட், அதை வாயில் போட்டுப் பார்க்காமல் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யார் தேய்த்தது என்று ஹிந்தியில் கேட்டார். பைப்பின் வாய்க்குழலையும் அதே மாதிரிதான் தேய்க்க வேண்டும். அழுத்தினால் சூட்டில் வளைந்துவிடும், அழுத்தாவிட்டால் மங்கல் போகாது. அடுத்த மாதம் நான் அவர் கடையில் இருந்தேன். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கொஞ்சம் பைப்புகளைக் கெடுத்தேன், அப்புறம் கெடுக்கவில்லை.

சேட் பார்சிக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நான் முடித்துக் கொடுத்த பைப்பை வாங்கி, கண்ணாடியைக் கழற்றி, கண்ணை மூடி முகர்ந்து பார்ப்பார். பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பி ஒன்று உண்டு, பைப்புக்கென்றே வருவது. அதை உள்ளே விட்டு உருவி, தன் வெள்ளைக் கைக்குட்டையில் கிடத்துவார். கம்பியிலிருந்து கறை கைக்குட்டைக்கு இறங்கினால் ஒரு வார்த்தை பேச மாட்டார். கைக்குட்டையை என் மேஜையில் வைத்துவிட்டு வாசலில் போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அதை நான் வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்து இஸ்திரி போட்டுக் கொண்டுவர வேண்டும். கறை இறங்காவிட்டால் மடித்துத் தன் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்வார். அதற்கு மேல் பாராட்டு அந்தக் கடையில் கிடையாது. பின்னாளில் ஹேமா ஒரு தடவை டீயைக் கொட்டி அவர் கைக்குட்டையை நாசம் செய்தாள். சேட் சிரித்துக்கொண்டே தானே அலசிக் காயப்போட்டார். என் கண்ணாலேயே பார்த்தேன்.

சுத்தம் செய்வதற்கு அவர் வைத்திருந்த முறை இது. பிடித்து முடித்ததும் பைப்பைப் பிரிக்கக் கூடாது. சூட்டில் மரம் உப்பியிருக்கும், இழுத்தால் உடைந்துவிடும். ஆறவிட்டு, வாய்க்குழலை மெதுவாகத் திருகி எடுத்து, பஞ்சுக் கம்பியை உள்ளே விட்டு ஈரத்தை எடுக்க வேண்டும். இது ஒவ்வொரு தடவையும். சாம்பலைத் தட்டுவதற்குச் செருப்பிலோ சுவரிலோ அடிக்கக் கூடாது. ஒரு நாள் பிடித்த பைப்புக்கு மறுநாள் ஓய்வு. தினமும் பிடிக்கிறவர் இரண்டு மூன்று வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை கம்பியை ஸ்பிரிட்டில் தோய்த்து விடலாம், அதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். கிண்ணத்துக்குள் படிகிற கரி ரூபாய்க் காசின் கனத்துக்கு இருக்கலாம். அதுதான் மரத்துக்குக் கவசம். கனம் அதற்கு மேல் போனால் சூட்டில் உப்பிக் கிண்ணத்தையே பிளந்துவிடும், சுரண்ட வேண்டும். மரம் தெரிகிற அளவுக்குச் சுரண்டினாலும் ஆபத்து, அடுத்த தடவை மரமே கருகும். கடைக்குக் கொண்டுவந்து செய்கிற முழுச் சுத்தம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். அடிக்கடி செய்தால் பைப் சுத்தமாகாது, செத்துப்போகும். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் வாடிக்கைக்காரர்கள் நம்பவே மாட்டார்கள். நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொல்வேன்.

வரதன் சார் வந்தது ஒரு மழைநாளில். குடையிலிருந்து தண்ணீர் சொட்ட, பேப்பரில் சுற்றிய பைப்பை என் மேஜையில் வைத்துத் தட்டுத்தடுமாறி ஹிந்தியில் ஆரம்பித்தார்.

"தமிழ்லயே சொல்லுங்க சார்," என்றேன்.

"அவ்வளவு மோசமாவா இருக்கு என் ஹிந்தி?"

"மோசம்லாம் இல்ல. 'பைப்பு'ன்னு சொன்னீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சு."

சிரித்தார். பாலாநகரில் ஒரு ஃபேக்டரியில் இன்ஜினியர், ஹப்சிகுடாவில் வீடு. மனைவி தவறிப்போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அந்த பைப் அவருடைய மேலதிகாரி ரிட்டயர் ஆகும்போது கொடுத்தது. இரண்டு கடைகளில் தூக்கிப்போடச் சொல்லிவிட்டார்களாம். சொன்னவர்கள்மேலும் தப்பில்லை. வாய்க்குழல் இறுகி ஒட்டிக்கொண்டிருந்தது. எவனோ குறடு போட்டு இழுத்த தடம் இருந்தது. கிண்ணத்துக்குள் ஏறியிருந்த கரி, ஒரு பென்சில் நுழைகிற அளவுக்குத்தான் இடம் விட்டிருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் நனைந்த சாக்கு நாற்றம்.

"பொழைக்குமா?" என்றார்.

"விட்டுட்டுப் போங்க சார். பாக்கலாம்."

முதலில் பிளாஸ்டிக்கில் சுற்றிப் பக்கத்து ஜூஸ் கடை ஃப்ரிட்ஜில் ஐஸ் வைக்கிற இடத்தில் வைத்தேன். குளிரில் குழல் கொஞ்சம் சுருங்கும். எடுத்ததும் துணியால் பிடித்து, ஒரே பக்கமாக, ஜாடி மூடியைத் திறப்பதுபோலத் திருகினேன். மூன்றாம் தடவை குளிரவைத்து எடுத்தபோதுதான் அசைந்தது. பிறகு கரியைச் சுரண்டினேன். கத்தியால் இல்லை, அதற்கென்று முனை மழுங்கிய சுரண்டி இருக்கிறது. அவசரப்பட்டால் கரி பாளமாகப் பெயர்ந்து மரத்தையும் கொண்டுவந்துவிடும். காசை விட்டு அளந்து அளந்து சுரண்டினேன். கிண்ணம் நிறையக் கல்லுப்பை நிரப்பி, மேலே ஸ்பிரிட்டைச் சொட்டு சொட்டாக விட்டு, முட்டை அட்டையில் சாயாமல் நிறுத்திவைத்தேன். மறுநாள் உப்பு வெல்லம்போலப் பழுப்பாகியிருந்தது. கொட்டிவிட்டு மறுபடி புது உப்பு. அதுவும் பழுப்பு. கடைசியாக வைத்த உப்பு வெள்ளையாகவே இருந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. குறடு கடித்த தடங்களை அரம் போட்டுத் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, சக்கரத்தில் பிடித்துப் பளபளப்பாக்கினேன். சேட் முகர்ந்தார், கம்பியை விட்டார், கைக்குட்டையில் கிடத்தினார். பிறகு கைக்குட்டையை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

வரதன் சார் பைப்பை மூக்கருகே கொண்டுபோய், "மர வாசனை வருதுங்க," என்றார். அப்புறம் பைப்பைப் பார்க்காமல் என் விரல்களைப் பார்த்தார். கறையேறி நகக்கண்ணெல்லாம் கருப்பு. "கை இப்படி ஆயிடுதே. எரியாதா?" என்று கேட்டார். எத்தனையோ பேருடைய பைப்பைத் துடைத்திருக்கிறேன். என் கையைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

சுற்றி வளைப்பானேன், எனக்கு அவர்மேல் ஆசை வந்துவிட்டது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை. வந்த இடம் எதுவும் அமையவில்லை, அப்புறம் இடமே வரவில்லை. ஆசை வந்தவள் என்ன செய்ய வேண்டுமோ அது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது பைப்பை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதுதான். அதைச் சொல்லிக்கொடுத்தேன். அவரிடம் மொத்தம் ஏழு பைப்புகள் இருந்தன. கொக்கி வைத்த மரப்பெட்டியில் அவ்வப்போது கொண்டுவருவார். என் மேஜைக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து நான் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொள்வார். திருகுவதைக்கூட என்னிடம் செய்து காட்டிவிட்டுத்தான் போவார்.

ஒரு தீபாவளியை ஒட்டிச் சில வாரங்கள் ஆளைக் காணவில்லை. திரும்பி வந்தபோது இளைத்திருந்தார். "என்ன சார், ரொம்ப நாளாக் காணோம்?" என்றேன். "கொஞ்சம் வேலை," என்றார். அதற்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் வர ஆரம்பித்தார். ஃபேக்டரியில் சனிக்கிழமை அரைநாள். சனிக்கிழமையானால் நான் கனகாம்பரம் வைத்துக்கொண்டு போவேன். சேட் ஒன்றும் கேட்க மாட்டார், ஆனால் ஸ்டூலைத் துடைத்துவைத்திருப்பார்.

அந்தச் சனிக்கிழமைகளில் அவருடைய பைப்புகளில் விட்ட கம்பி வெள்ளையாகவே திரும்பி வந்தது. ஏழிலும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த மாதிரி ஒரு மாணவன் கிடைப்பானா? ஒவ்வொரு தடவையும் ஆறவைத்து, திருகி, துடைத்து, ஓய்வு கொடுத்து, நான் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்கிறாரே மனிதர் என்று பூரித்துப்போனேன். சங்கராந்திக்கு முந்தைய சனிக்கிழமை அதை அவரிடமே சொன்னேன்.

"சார், இனிமே உங்களுக்கு நான் தேவையே இல்ல."

"அப்படியா சொல்றீங்க?"

"நெஜமாத்தான். எல்லாத்தையும் அவ்வளவு சுத்தமா வெச்சிருக்கீங்க. வாராவாரம் இங்க கொண்டுவந்து ஸ்பிரிட் போட்டா கட்டை காஞ்சு வெடிச்சுடும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்தா போதும். அதுக்கு முன்னாடி வரவே வராதீங்க."

"மூணு மாசமா?"

"மூணு மாசம்."

பெட்டியின் கொக்கியை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று எழுந்து போனார். சேட் பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தார். "சரியாத்தானே சொன்னேன் சேட்?" என்று கேட்டேன். சரிதான் என்று தலையாட்டினார். அன்றைக்கு டீ வந்தபோது தன் பங்கு உஸ்மானியா பிஸ்கட்டையும் எடுத்து என் சாஸரில் வைத்தார். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. தின்றுவிட்டேன்.

அப்புறம் வந்த சனிக்கிழமைகளில் மத்தியானம் ஆனால் என் கண் வாசலுக்குப் போகும். ஆள் சொன்ன பேச்சைத் தட்டாமல் வராமலே இருந்தார்.

உகாதி சமயத்தில் ஹேமா வந்து சேர்ந்தாள். லோத்குண்டா பெண், அவள் அப்பாவுக்கு மிலிட்டரி டிப்போவில் கிளார்க் வேலை. என்னைவிடப் பத்து வயது சின்னவள். சிரித்தால் கன்னத்தில் குழி விழும், அது அவளுக்கும் தெரியும். ஆங்கிலம், ஹிந்தி, தெலுங்கு எல்லாம் பொளந்துகட்டுவாள். தமிழ் பேசுவாள், அவ்வளவுதான். நான் மதியம் பத்திரிகை படித்தால் எட்டிப்பார்த்து, "எல்லாம் பெட்டி பெட்டியா இருக்கு அக்கா, எப்படிப் படிக்கிறீங்க?" என்பாள். சேட் அவளை அதுவரை நான் இருந்த முன் மேஜையில், ஃபேனுக்கு நேர் கீழே, உட்காரவைத்தார். தேய்க்கிற மிஷினிலிருந்து தூசி பறக்கிறது என்று என்னைப் பின்னறைக்கு மாற்றினார். நடுவில் ஒரு திரை.

சொன்ன சொல் மாறாமல் அவர் வந்தார். குரல் திரைக்கு இந்தப்பக்கம் கேட்டது.

"குணா மேடம் இல்லையா?"

"அக்கா உள்ள மிஷின்ல இருக்காங்க சார். என்கிட்ட குடுங்க."

"மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான் வரணும்னு சொல்லியிருக்காங்க."

"மூணு மாசமா? கைக்கு சார்?" ஏன் என்று கேட்க அவளுக்கு எப்போதும் இந்த ஊர்க் 'கைக்கு'தான். "இந்தத் தூசியில ஒரு வாரம் தாங்காது. நீங்க வாராவாரம் வாங்க, நான் பாத்துக்கிறேன்."

என் கையில் சக்கரத்தில் சூடேறின வாய்க்குழல் இருந்தது. பாதியில் விட்டால் அந்த இடம் மங்கிப்போகும், கீழே வைத்தால் வளையும். அதை ஆற்றி, வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு திரையை விலக்கியபோது ஸ்டூல் காலி. பெட்டி ஹேமாவின் மேஜைமேல் இருந்தது. "யார் அக்கா இந்த சார்? ரொம்ப சாது," என்றாள்.

சேட்டிடம் போய்ப் புகார் செய்தேன். தொழில் தெரியாத பெண் வாடிக்கைக்காரர்களை வாராவாரம் வரச் சொல்கிறாள், பைப் எல்லாம் பாழாகிவிடும் என்றேன். "ஆனே தோ, குணா," என்றார் சேட். வரட்டும் விடு.

வந்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தார். முன்னால் அவர் குரல், அவள் சிரிப்பு. பின்னால் நான், அவர் பைப்பை வைத்துக்கொண்டு. பெட்டி திரை வழியாக உள்ளே வரும், திரை வழியாக வெளியே போகும். "சூப்பரா பண்ணியிருக்கீங்க ஹேமா" என்று ஒருநாள் அவர் சொன்னது கேட்டது. அவளும் "தாங்க்ஸ் சார்" என்றாள். எனக்குக் காதில் புகை வந்தது. மிஷின் சத்தம் தேவைப்பட்டது, வேலை இல்லாமலே ஓடவிட்டேன்.

கொஞ்ச நாளில் ஒன்று கவனித்தேன். கிண்ணங்களில் கரி ஏறவே இல்லை. எவ்வளவு சுத்தமாக வைத்துக்கொண்டாலும் பிடிக்கிற பைப்பில் கரி ஏறத்தான் வேண்டும். ஒரு பௌர்ணமிக்கு அளந்ததும் அடுத்ததற்கு அளந்ததும் ஒரே கனம். முகர்ந்தேன். புதுப் புகையிலை வாசனையே இல்லை. அவர் பைப் பிடிப்பதையே விட்டுவிட்டார். பிடிக்காத ஏழு பைப்புகளைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு, அரைநாள் லீவில், பஸ் ஏறி வருகிறார். யாரைப் பார்க்க? கன்னத்தில் குழி விழுகிறவளைப் பார்க்க. அவள் கேட்டுக்கொண்டுதான் விட்டிருப்பார் என்று நினைத்தேன். நான் சொல்லி ஒழுங்காகப் பிடித்த மனிதர், அவள் சொல்லிப் பிடிப்பதையே நிறுத்திவிட்டாரே என்று நெஞ்சு காந்தியது. யாரிடமும் மூச்சு விடவில்லை. சுத்தமான பைப்புகளை மறுபடி மறுபடி சுத்தம் செய்து கொடுத்தேன். ஸ்பிரிட் மட்டும் போடவில்லை. கட்டை என்ன பாவம் செய்தது.

கல்யாணப் பத்திரிகை கொடுக்க அவர் திரையை விலக்கிப் பின்னறைக்கே வந்தார். அந்த அறைக்குள் அவர் வந்தது அந்த ஒரு தடவைதான். பத்திரிகையைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார்.

"நீங்க மூணு மாசம்னு சொன்னீங்க. சரியா மூணு மாசம் கழிச்சுத்தாங்க வந்தேன்," என்றார்.

"நல்ல பழக்கம் சார்," என்றேன்.

அதற்கப்புறம் ஹேமா ஹப்சிகுடா வீட்டில் மகாராணி. வேலையை விட்டாள். ஞாயிற்றுக்கிழமையானால் போன் செய்து, சார் இதைச் சொன்னார் அக்கா, சார் அதை வாங்கித்தந்தார் அக்கா என்று அடுக்குவாள். நானும் உம் கொட்டுவேன். போனை வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்ப்பேன், நன்றாகப் பளபளக்கும். இரண்டு வருடம் முன்பு அவர் போனார். வீட்டு வாசலில் கடை ஆட்களோடு ஓரமாக நின்றேன். வருகிறவர்கள் எல்லோரும் ஹேமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். எனக்கு யார் கையைப் பிடிப்பார்கள்? துக்கத்தில்கூட அவளுக்குத்தான் நாற்காலி. இப்படி நினைத்ததற்கு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், நினைத்தேன்.

வீடியோவுக்கு வருகிறேன். ஷிரீன் எங்கள் இருவரையும் பழைய என் மேஜைக்குப் பின்னால் உட்காரவைத்தாள். ஹேமா அந்த மரப்பெட்டியைக் கொண்டுவந்திருந்தாள். நான் ஆறவைப்பது, திருகுவது, கரி, காசு, உப்பு என்று எல்லாவற்றையும் ஹிந்தியில் விளக்கினேன். எத்தனை நாளைக்கு ஒரு முறை என்கிற கேள்வி வந்ததும் நான் வாயைத் திறக்கும் முன் ஹேமா, "வாராவாரம்," என்று கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். நான் திரும்பி முறைத்தேன். அதற்குள் லைட் ஸ்டாண்ட் சாய, ஷிரீன் நிறுத்தச் சொல்லிவிட்டு அதைச் சரிசெய்யப் போனாள்.

"வாராவாரம்னு சொல்லாத ஹேமா," என்றேன். "பசங்க நெஜமாவே செஞ்சு கட்டையைக் கொன்னுடுவாங்க."

"எங்க வீட்டுக்காரர் வாராவாரம்தானே அக்கா வந்தார்? அதுல ஒரு விஷயம் இருக்கு, உங்களுக்குத் தெரியாது." பெட்டியைத் தடவிக்கொடுத்தாள். "அவர் அப்ப பைப்பே பிடிக்கல. தீபாவளிக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வெச்சாங்களே, அன்னிக்கே டாக்டர் நிறுத்திட்டார். அதுக்கப்புறம் ஒரு இழுப்பு கூட நக்கோ, கூடவே கூடாதுன்னுட்டார்."

"எந்த தீபாவளி?"

"நான் இங்க சேர்றதுக்கு முந்தின தீபாவளி அக்கா. அவர் அக்கா திருச்சியிலேர்ந்து வந்து ஆஸ்பத்திரியில கூட இருந்தாங்களாம். நான் அப்புறம் உகாதிக்குத்தானே சேர்ந்தேன்?"

"ஹவ்," என்றேன். ஆமாம் என்பதற்கு இந்த ஊர்க்காரர்கள் சொல்வது. என் வாயில் அது வந்ததே இல்லை.

"பாருங்களேன், பிடிக்காத பைப்பைத் தூக்கிட்டு என்னைப் பாக்க வாராவாரம் வந்திருக்கார் மனுஷன்." சிரித்தாள், பட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தீபாவளிக்கும் சங்கராந்திக்கும் நடுவில் எத்தனை சனிக்கிழமைகள். அப்போது ஹேமா என்று ஒருத்தி இருப்பதே அவருக்குத் தெரியாது. என் மேஜை, எதிரே ஸ்டூல், ஏழு பைப்புகள், ஏழிலும் வெள்ளையாக வந்த கம்பி. கம்பி வெள்ளையாக வந்தது நான் சொல்லிக்கொடுத்ததால் இல்லை. அதில் புகையே போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்த மனிதர், பிடிக்கக் கூடாத பைப்புகளைத் தூக்கிக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்துத்தான் நான் மூன்று மாதம் வராதே என்றேன். அவர் போய்விட்டு, சொன்ன தேதிக்கு வந்து, குணா மேடம் இல்லையா என்று கேட்டார். நான் உள்ளே வாய்க்குழல் வளையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னறையில் பத்திரிகையைக் கொடுத்துவிட்டு நின்றவரிடம் நல்ல பழக்கம் என்றேன். பிஸ்கட்டை எதற்கு என் சாஸரில் வைத்தார் சேட் என்று இப்போது புரிகிறது. அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அதை இருமலாக மாற்றிக்கொண்டேன். ஹேமா தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

லைட் ஸ்டாண்ட் நிமிர்ந்தது. ஷிரீன் மறுபடி கேட்டாள், இந்தத் தடவை என்னைப் பார்த்து. கடைக்கு எத்தனை நாளைக்கு ஒரு முறை கொண்டுவர வேண்டும்?

"பைப்புக்கு மூன்று மாதம் போதும்," என்றேன். "யாராவது வாராவாரம் வந்தால் வரட்டும். பைப்பைப் பார்க்காதே, ஆளைப் பார். உட்கார ஸ்டூல் போடு."

ஷிரீனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஹேமா கை தட்டினாள். "அதானே அக்கா நானும் அன்னிக்கே சொன்னேன்!" என்றாள். வீடியோவில் கடைசியாக வருவது அவளுடைய அந்தக் கைதட்டல்தான். பார்த்தவர்கள் எல்லோரும் பட்டுப்புடவை ஆன்ட்டி ரொம்ப அழகு என்று எழுதியிருக்கிறார்களாம்.

அவளிடம் நான் சொல்லவில்லை. பெரிய மனசு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சொன்னால் அழுவாள். அழுதால் ஊரே வந்து தேற்றும், கடைசியில் இதுவும் அவளுடைய கதையாகிவிடும். முன் மேஜை போனது, ஃபேன் போனது, அவர் போனார். அந்த மார்கழிச் சனிக்கிழமைகளை நான் யாருக்கும் தருவதாக இல்லை.

ஆனால் எங்காவது சொல்லாமலும் இருக்க முடியவில்லை. ஷிரீன் அனுபவத்தை எழுதித் தாருங்கள், ஆங்கிலமோ ஹிந்தியோ பரவாயில்லை என்றாள். நான் இந்தப் பெட்டி பெட்டி எழுத்தில் எழுதியிருக்கிறேன். ஹேமாவுக்கு இது படிக்க வராது.